முதல் ரஷ்ய கேமரா: இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டவனின் வழிகாட்டி

ரஷ்ய கேமரா என்று பேச்செடுத்தால் போதும், படம் எடுப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அது லைகா என்ற விலை உயர்ந்த ஜெர்மன் கேமராவைப் பார்த்து அடித்த நகல், பத்து ரோலில் பல்லை இளித்துவிடும் இரும்புக் கட்டி. மறு கட்சிக்கு அது ஏழையின் லைகா. பேட்டரி வேண்டாம், லென்ஸுக்கு ஈடில்லை, அவசரத்துக்கு ஆணிகூட அடிக்கலாம். நான் இரண்டாம் கட்சியை நம்பி இணையத்தில் முதல் கேமராவை வாங்கினேன். அது நான்காம் நாள் இறுகிப்போனது. இரண்டாவதை வாங்கினேன், படங்களெல்லாம் அம்மை போட்டதுபோல் வெள்ளைப் புள்ளிகளோடு வந்தன. மூன்றாவது கேமரா இப்போதும் என்னிடம் ஒழுங்காக ஓடுகிறது. மூன்றும் ஒரே மாடல், ஸோர்கி-4.

இரு கட்சியும் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவரவர் கைக்கு வந்த கேமராவைப் பற்றி அவரவர் பேசுகிறார்கள். நாற்பது, ஐம்பது, அறுபது ஆண்டு ஆன பொருள் இது. ஆலையில் எப்படிச் செய்தார்கள் என்பதைவிட, கடைசியாக அதைத் திறந்தவர் யார், உள்ளே இருக்கும் மசகு காய்ந்துவிட்டதா என்பதே அதன் தலைவிதி. ஆகவே மாடலின் பேரையும் புகழையும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். எதிரே இருக்கும் அந்த ஒரு கேமராவைச் சோதித்து வாங்குங்கள். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த மாடல் என்று முதலில் தீர்மானியுங்கள்

"ரஷ்ய" என்று ஒரே பேரில் அழைத்தாலும் எல்லாம் ரஷ்யாவில் செய்தவை அல்ல. ஃபெட் உக்ரைனின் கார்கிவ் நகரத்துச் சரக்கு. கீவ், அதே பெயருள்ள நகரின் அர்செனல் ஆலையில் செய்தது. ஸோர்கியும் ஸெனிட்டும் மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் ஊருக்குச் சொந்தம். ஸ்மெனா, லுபிதெல், எல்சி-ஏ மூன்றும் அன்றைய லெனின்கிராடின் லோமோ ஆலையில் பிறந்தவை.

முதல் கேமராவுக்கு என் பரிந்துரை ஃபெட்-2 அல்லது ஸோர்கி-4. இரண்டும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை, அதாவது தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்பவை. 1950களின் நடுவில் வந்தவை. அடியில் இருக்கும் இரண்டு சாவிகளைத் திருப்பினால் பின்பக்கம் முழுதாகக் கழன்று வரும். பிலிம் போடுவது எளிது, உள்ளே பார்ப்பதும் எளிது. ஃபெட்-2இல் மெதுவான ஷட்டர் வேகங்கள் கிடையாது (ஷட்டர் என்பது பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை). அதுவே அதன் பலம், கெட்டுப்போக ஒரு சங்கதி குறைவு. ஸோர்கி-4இல் ஒரு விநாடி முதல் 1/1000 விநாடி வரை உண்டு. இவற்றுக்கு முந்தைய ஃபெட், ஸோர்கி மாடல்கள் பார்க்க அழகானவை. ஆனால் பிலிமை அடிப்பக்கமாகச் செருக வேண்டும், அதற்குப் பிலிமின் நாக்கைச் சுமார் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். முதல் கேமராவுக்கு அந்த வம்பு வேண்டாம்.

லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்க விரும்பினால் ஸெனிட். ஸெனிட்-இ என்பது 1/30 முதல் 1/500 வரை ஐந்தே வேகம் கொண்ட கனத்த கேமரா. ஒரு பொறி: கண் வைத்துப் பார்க்கும் அதன் வியூஃபைண்டரில் தெரிவது 20க்கு 28 மி.மீ., பிலிமில் விழுவது 24க்கு 36. நீங்கள் ஒதுக்கிவிட்டதாக நினைத்த மின்கம்பம் படத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். பழைய ஸெனிட்-இ சிலவற்றில் லென்ஸ் மாட்டும் திருகு எம்39 (39 மி.மீ. விட்டம்), பிறகு வந்தவற்றில் எம்42 (42 மி.மீ.). வாங்குமுன் எது என்று கேளுங்கள்.

கீவ்-4 ஜெர்மனியின் கான்டாக்ஸ் கேமராவின் வழி வந்தது. செய்நேர்த்தி மிக்கது, ஆனால் அதன் ஷட்டரைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் அரிது. ஸ்மெனா-8எம் பிளாஸ்டிக் பெட்டி. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எடுக்க வேண்டும். விலை மிகக் குறைவு, ஆகவே பயம் இல்லாமல் பழகலாம். எல்சி-ஏ 1984இல் வந்த சின்னக் கேமரா. 1990களின் தொடக்கத்தில் வியன்னா மாணவர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடியதிலிருந்து விலை ஏறியது, இறங்கவே இல்லை. உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் போனால் போனதுதான். கீவ்-88ஐ, அது ஹாசல்பிளாட் என்ற விலை உயர்ந்த ஸ்வீடன் கேமராவின் சாயலில் இருக்கிறது என்ற ஆசையில் முதல் கேமராவாக வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்.

2. கேமராவா, லென்ஸ் மட்டுமா?

இந்தக் கேமராக்களின் உடலைப் பற்றித்தான் சண்டை. லென்ஸைப் பற்றி இரு கட்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஸெனிட்டோடு வரும் ஹீலியோஸ்-44-2, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்து பியோட்டார் லென்ஸின் வழியில் வந்த 58 மி.மீ. எஃப்/2 லென்ஸ். முகத்துக்குப் பின்னால் இலைதழைகள் இருந்தால் அவை சுழன்றாற்போல் விழும். ஸோர்கியோடு வரும் ஜூபிடர்-8, ஸைஸ் சோனாரின் வாரிசு. உங்களிடம் மிர்ரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) டிஜிட்டல் கேமரா இருந்தால், லென்ஸையும் ஒரு அடாப்டரையும் மட்டும் வாங்கிப் பார்ப்பது குறைந்த செலவில் ருசி பார்க்கும் வழி.

ஆனால் இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, எம்39 என்ற ஒரே திருகில் இரண்டு சாதி லென்ஸ்கள் உண்டு. ஸோர்கி, ஃபெட் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே வேண்டிய தூரம் 28.8 மி.மீ.; பழைய ஸெனிட் எம்39 லென்ஸுக்கு அது 45.2 மி.மீ. ஒன்றை மற்றதில் திருகலாம், அழகாக உட்காரும், ஃபோகஸ் மட்டும் ஆகவே ஆகாது. இரண்டாவது, ஸோர்கி, ஃபெட் லென்ஸ்களை, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் எதிலும் மாட்டிப் பயனில்லை, மிர்ரர்லெஸ் மட்டுமே. மூன்றாவது, எம்42 ஹீலியோஸ் கேனான் டிஎஸ்எல்ஆரில் தொலைவு வரை ஃபோகஸ் ஆகும். நிக்கானில் நடுவே கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர் இல்லாமல் ஆகாது. இதைச் சொல்லாமல் அடாப்டர் விற்கிற கடைகள் ஏராளம்.

3. எங்கே வாங்குவது

கையில் எடுத்துப் பார்க்க முடிகிற இடமே முதல் தேர்வு. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மத்குவாரி ஆற்றங்கரையில் "வறண்ட பாலம்" என்று ஒரு பழைய பொருள் சந்தை இருக்கிறது. பதக்கங்கள், பீங்கான், கத்தி, கேமரா என்று சோவியத் காலமே தரையில் விரித்துக் கிடக்கும். எங்கள் அக்கா மகன் அங்கே மருத்துவம் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோதுதான் என் மூன்றாவது கேமரா கிடைத்தது. அந்தப் பக்கம் மருத்துவம் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் பல வீடுகளில் உண்டு. அவர்களிடம் சொல்லிவைக்கலாம், ஆனால் அடுத்த பகுதியை அச்செடுத்துக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்குவதென்றால் இப்போது விற்பவர்களில் பலர் உக்ரைன்காரர்கள். ரஷ்யாவிலிருந்து நேரடியாக வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2022இல் சர்வதேச அட்டை நிறுவனங்கள் அங்கே சேவையை நிறுத்தியதிலிருந்து பணம் அனுப்பும் படியிலேயே முட்டிக்கொள்ளும்.

விளம்பரத்தில் "சோதித்தது" என்று இருந்தால் என்ன சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பிலிம் போட்டு எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தையில் எல்லா விற்பனையாளரும் சொல்லும் ஒரு சொல் "ரபோதயெத்", அதாவது வேலை செய்கிறது. பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

4. கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். என் பணம் போனதெல்லாம் இங்கேதான். சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விதி: பிலிம் நகர்த்தும் குமிழை முழுதாகச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் வேகக் குமிழைத் திருப்பினால் உள்ளே பாகம் வளையலாம், உடையலாம். என் முதல் ஸோர்கியை நான் கொன்றது இப்படித்தான். வந்த பெட்டியில் ரஷ்ய மொழிக் கையேடு இருந்தது, அதில் இதை எழுதியிருந்தார்கள். நான் படம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். விற்பவர் உங்கள் முன்னே ஏற்றாமல் வேகத்தை மாற்றிக் காட்டினால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

அடுத்து திருகாணித் தலைகள். ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்டு கிழிந்து, பளபளப்பு போய் இருந்தால் யாரோ பொருந்தாத திருப்புளியால் திறந்திருக்கிறார்கள். தெரியாதவர் திறந்த கேமராவைவிட, யாரும் திறக்காமல் மசகு காய்ந்த கேமரா எவ்வளவோ மேல். காய்ந்த மசகைக் கழுவி மாற்றலாம். காணாமல் போன வாஷரைத் தேட முடியாது.

குமிழ் சுற்றச் சுற்ற ஏறாமல் வழுக்கிக்கொண்டே போனால் உடனே கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஷட்டர் பட்டனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். பிலிமைத் திரும்பச் சுற்றுவதற்காக அதைத் திருப்பிவிட்டு, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்திருப்பார்கள். திபிலிசியில் நான் வாங்கியது இந்த மறதியால்தான் மலிவாகக் கிடைத்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவர், பழைய காரின் முன்மூடி மேல் சிவப்புத் துணி விரித்து ஏழெட்டுக் கேமராக்களை அடுக்கியிருந்தார். ஓரத்தில் இருந்த ஸோர்கியை எடுத்தேன். குமிழ் சும்மா சுற்றியது. "அது ஓடாது, உதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார், மருமகன் மொழிபெயர்த்தான். நான் வளையத்தைத் திருப்பி, மெல்ல ஏற்றி, 1/30இல் வைத்து அழுத்தினேன். தும்மல்போல ஒரு சத்தம். பெரியவர் கேமராவை என்னிடமிருந்து வாங்கிக் காதோரம் வைத்து மறுபடி அழுத்திக் கேட்டார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். சொன்ன விலையை மாற்றவில்லை. "மாமா, நம் ஊராக இருந்தால் இந்நேரம் இரண்டு மடங்கு கேட்டிருப்பார்கள்" என்றான் மருமகன். மூர் மார்க்கெட் பார்த்த தலைமுறை நான். அவன் சொன்னதை மறுக்கத் தோன்றவில்லை.

இனி ஷட்டர் திரை. பின்பக்கத்தைக் கழற்றினால் கறுப்பு ரப்பர் பூசிய துணி தெரியும். சுருக்கம், வெடிப்பு, பசை தடவிய ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லென்ஸையும் கழற்றி, முன்னால் டார்ச்சைப் பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். வேட்டியை அல்லது சட்டையைத் தலைமேல் போட்டு இருட்டாக்கிக்கொண்டால் நல்லது. யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது படத்தில் புள்ளியாக விழும். என் இரண்டாவது கேமராவின் அம்மைக்கு இதுவே காரணம். இந்த வகைக் கேமராவில், ஸெனிட்டில் இருப்பதுபோல் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாததால், லென்ஸை மூடாமல் வெயிலை நோக்கி வைத்தால் லென்ஸே திரையைச் சுட்டுத் துளை போட்டுவிடும்.

மெதுவான வேகங்களைக் காதால் சோதியுங்கள். ஒரு விநாடியில் வைத்தால் ரீங்காரம் முழுதாக ஓடி முடிய வேண்டும். பாதியில் நின்று, தட்டினால்தான் மூடுகிறது என்றால் மசகு காய்ந்திருக்கிறது. அது சரிசெய்யக்கூடிய குறை, விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம்.

ரேஞ்ச்ஃபைண்டரில் ஏதாவது தொலைதூரப் பொருளைப் பாருங்கள். வறண்ட பாலத்தில் நின்றால் மதாட்ஸ்மிண்டா மலைமேல் இருக்கும் டிவி கோபுரம் தெரியும்; நான் அதை வைத்துத்தான் பார்த்தேன். லென்ஸைத் தொலைவு எல்லைக்குத் திருப்பினால் இரண்டு கோபுரமும் ஒன்றாக வேண்டும். வியூஃபைண்டரே மங்கலாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை ஒட்டி ஒரு சின்ன நெம்பு இருக்கும். அது கண் பார்வைக்கு ஏற்பத் திருத்துவதற்கானது. அதை நகர்த்தினால் தெளியும்.

லென்ஸில் டார்ச் அடித்துச் சிலந்தி வலைபோன்ற பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேண்டாம். சில கீறல்கள் இருந்தால் போகட்டும். அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) இதழ்களில் எண்ணெய் தெரிந்தால், ஹீலியோஸ்-44-2 போலக் கையால் திருப்பும் லென்ஸில் கவலை இல்லை. தானாக மூடும் 44எம் வகைகளில் மட்டும் இதழ் ஒட்டிக்கொண்டு தகராறு செய்யும்.

கடைசியாக, பிலிம் சுற்றிக்கொள்ளும் உருளை உள்ளே இருக்கிறதா? ஃபெட்-2, ஸோர்கி-4 இரண்டிலும் அது கழன்று வரும், ஆகவே தொலைந்துபோவதும் சகஜம். அது இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்கள் அதற்காகத் தனியாக அஞ்சல் செலவு செய்திருக்கிறார்கள்.

5. தங்க லைகா வலையில் விழாதீர்கள்

சந்தையிலும் இணையத்திலும் பொன் முலாம் பூசி, பாம்புத் தோல் ஒட்டி, ஜெர்மன் விமானப்படை கழுகு பொறித்த "போர்க்கால லைகா" பளபளவென்று இருக்கும். பெரும்பாலும் அது பழைய ஃபெட் அல்லது ஸோர்கி. எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு லைகா என்று பொறித்திருப்பார்கள். சோதனை எளிது: லென்ஸைக் கழற்றி, அது இருந்த வாயின் மேற்புறம் உள்ளே பாருங்கள். லென்ஸைத் தொட்டு நகரும் நெம்பின் நுனியில் லைகாவில் சின்ன உருளைச் சக்கரம் இருக்கும். சோவியத் கேமராவில் அது சக்கரம் இல்லாத, சரிவாகச் சீவிய உலோக மூக்கு. மூக்கு இருந்தால் விலை ஸோர்கி விலைதான், ஒரு ரூபாயும் கூடுதலாக வேண்டாம். சிலர் வேடிக்கைக்காகத் தெரிந்தே வாங்குகிறார்கள். நல்ல ஃபெட்டைக் கெடுத்துச் செய்த வேடிக்கை என்பதால் எனக்கு அதில் ரசனை இல்லை.

காலம் செய்யும் கூத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் கிராஸ்னகோர்ஸ்க் ஆலை ஸெனிட்-எம் என்று ஒரு டிஜிட்டல் கேமரா வெளியிட்டது. அதன் உள்ளே இருப்பது லைகா எம்240, இந்த முறை லைகாவே சம்மதித்துக் கொடுத்தது.

6. காகிதங்கள்

சோவியத் கேமராவோடு ஆலையே ஒரு "பாஸ்போர்ட்" கொடுத்திருக்கும். சில பக்கங்கள் கொண்ட தாள் அல்லது சிறு புத்தகம். கேமராவின் வரிசை எண், தரச் சோதனை முத்திரை, தேதி எல்லாம் அதில் இருக்கும். அது இருந்தால் கேமராவின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் பொருந்தாத பாஸ்போர்ட்டைக் காட்டி விலை ஏற்றுவதும் நடக்கிறது. கிராஸ்னகோர்ஸ்க், கீவ் கேமராக்களில் பெரும்பாலும் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் செய்த ஆண்டு: 71 என்று தொடங்கினால் 1971. ஃபெட்டில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

பழம்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முன்னாள் சோவியத் நாடுகளில் கட்டுப்பாடுகள் உண்டு. லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய 1970களின் ஸெனிட்டைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதாக நான் கண்டதில்லை. ஆனால் போருக்கு முந்தைய ஃபெட் வாங்கினால், ஏற்றுமதிக்குச் சான்றிதழ் வேண்டுமா என்று பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தையில் வாங்கினால் ஒரு துண்டுச் சீட்டிலாவது விலை, தேதி, கேமரா எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெரியவர் எனக்கு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். விமான நிலையத்தில் கேட்டபோது அதைத்தான் காட்டினேன். அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

இணையத்தில் வாங்கினால் வைத்திருக்க வேண்டியவை: விளம்பரப் பக்கத்தின் படம், விற்பவரோடு நடந்த உரையாடல், பணம் கட்டிய ரசீது, கண்காணிப்பு எண். கூரியர் வழி வந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார் அல்லது பான் நகலைத் தயாராக வைத்திருங்கள். தாமதமாகக் கொடுத்தால் கிடங்கு வாடகை வேறு சேரலாம்.

7. அஞ்சலும் சுங்கமும்

உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் மூடிக் கிடப்பதால், அங்கிருந்து வரும் பார்சல் முதலில் தரைவழியாக எல்லை கடந்து பிறகு விமானம் ஏறுகிறது. என் இரண்டாவது கேமரா ஏழு வாரத்தில் வந்தது. மூன்று வாரம் கண்காணிப்புப் பக்கம் அசையவே இல்லை. விற்பவரைத் திட்டி எழுதாதீர்கள். அவர் இருக்கும் ஊரில் மின்சாரம் இருக்கிறதோ என்னவோ.

பொருளின் விவரமும் மதிப்பும் எழுதிய சிஎன்22 அல்லது சிஎன்23 படிவம் பார்சலின் மேல் ஒட்டியிருக்கும். "பரிசு என்று போட்டு பத்து டாலர் எழுதட்டுமா?" என்று விற்பவர் அன்போடு கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். தொலைந்தால் பத்து டாலர்தான் திரும்பி வரும். சுங்கத்தார் நம்பாவிட்டால் தாங்களே ஒரு மதிப்பைப் போட்டு வரி கேட்பார்கள். உண்மையான விலையும் "பயன்படுத்திய பழைய பிலிம் கேமரா, பேட்டரி இல்லை" என்ற விவரமும் எழுதச் சொல்லுங்கள். வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால் இங்கே எண் தரவில்லை. ஆர்டர் போடும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்து, கேமரா விலையோடு அஞ்சல் கட்டணத்தையும் கூட்டி அதன்மேல் கணக்குப் போடுங்கள். கேமரா விலைக்கு மட்டும் வரி என்று நினைத்துத்தான் நான் முதல் முறை அஞ்சல்காரர் முன் பர்ஸைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பார்சலைத் திறக்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். குறை இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கத் தளத்துக்குத் தளம் ஒரு கெடு உண்டு. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஏனென்று ஒன்பதாம் படியில் தெரியும்.

8. செலவு

என் மூன்றாவது கேமராவின் கணக்கைச் சொல்கிறேன். கேமராவும் லென்ஸும் 120 லாரி (ஜார்ஜிய நாணயம்), அன்றைய மதிப்பில் நாலாயிரம் ரூபாய்க்குள். திறந்து கழுவி மசகு மாற்றியதற்கு 4,500. அதாவது மருத்துவச் செலவு பிள்ளையின் விலையைத் தாண்டியது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். பழுது பார்க்கக் கொடுத்த நாளிலிருந்து திரும்பி வர ஐந்து வாரம்.

அதற்கு மேல்தான் உண்மையான செலவு. ஒரு கலர் ரோல் எனக்கு ஆயிரம் ரூபாய் ஆகிறது. கழுவி ஸ்கேன் செய்ய, அனுப்பும் செலவையும் சேர்த்து எழுநூறு. எங்கள் ஊரில் கலர் நெகட்டிவ் கழுவும் இடம் இல்லை, சென்னைக்கு அனுப்புகிறேன். ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ரூபாய். கேமரா மலிவு என்பதால் இந்தப் பொழுதுபோக்கும் மலிவு என்று நினைத்தவர்கள் மூன்றாவது ரோலில் ஓய்ந்துவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவப் பழகினால் செலவு பாதியாகும்.

ஒரு மிச்சமும் உண்டு. ஸோர்கி, ஃபெட், ஸெனிட்-இ எதற்கும் பேட்டரி தேவையில்லை. 1970களின் ஜப்பான் கேமராக்களில் பின்கதவைச் சுற்றிய ஸ்பாஞ்சு பசையாக உருகி மாற்றச் சொல்லும். ஃபெட்டிலும் ஸோர்கியிலும் அந்தத் தொல்லை இல்லை.

9. முதல் ரோலைச் சோதனைக்கென்றே எடுங்கள்

கல்யாணத்துக்கோ பயணத்துக்கோ முதல் ரோலைக் கொண்டுபோகாதீர்கள். கேமரா வந்த இரண்டு நாளுக்குள் ஒரு 200 ஐஎஸ்ஓ (பிலிம் வெளிச்சத்தை உணரும் அளவு) ரோலைப் போட்டு முடித்துக் கழுவ அனுப்பிவிடுங்கள். கழுவி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் பணம் திரும்பக் கேட்கும் கெடு தாண்டிவிட்டால் குறை தெரிந்தும் பயனில்லை.

வெளிச்சத்தை அளக்கக் கேமராவில் இருக்கும் லைட் மீட்டரை நம்ப வேண்டாம். ஸெனிட்-இ, ஃபெட்-5 போன்றவற்றில் இருப்பது வெளிச்சத்தாலேயே இயங்கும் செலினியம் மீட்டர். வயதாக ஆக வலுவிழக்கும். ஊசி ஆடுகிறது என்பதற்காகச் சரியாகக் காட்டுகிறது என்று பொருளில்லை. கைப்பேசியில் மீட்டர் செயலி போதும். அதுவும் இல்லையென்றால் பதினாறு விதி: நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு 1/250 வேகம். மீட்டர் சக்கரத்தில் 65, 130, 250 என்று வினோத எண்கள் இருந்தால் அவை கோஸ்ட் என்ற சோவியத் அளவு. 1987க்கு முந்தைய கேமராக்களில் இருக்கும். 90 என்பது நம் ஐஎஸ்ஓ 100, 180 என்பது 200.

ரோலை இப்படிச் செலவழியுங்கள். வெறும் வானத்தை 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000 என்று உங்கள் கேமராவில் இருக்கும் ஒவ்வொரு வேகத்திலும் ஒரு படம், ஒவ்வொன்றுக்கும் ஏற்ப அபெர்ச்சரை மாற்றிக்கொண்டு. படத்தின் ஒரு பக்கம் இருண்டிருந்தால் இரண்டு திரையும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. பழுது பார்ப்பவரிடம் அந்த நெகட்டிவைக் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். பிறகு சுவரில் நாளிதழை ஒட்டி, டேப் வைத்து ஒரு மீட்டர், மூன்று மீட்டர் தூரத்தில், அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். எழுத்து கூர்மையாக விழுந்ததா, அல்லது நாளிதழுக்கு முன்னாலிருக்கும் நாற்காலி கூர்மையாக விழுந்ததா என்று பார்த்தால் ரேஞ்ச்ஃபைண்டரின் யோக்கியதை தெரியும். திரையைச் சோதிக்க: ஷட்டரை ஏற்றிவிட்டு, லென்ஸைத் திறந்து, வெயிலில் சூரியன் படாத பக்கத்து வானத்தை நோக்கி ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு மூடி போட்டு அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். அந்தக் கட்டத்தில் ஒன்றுமே விழாதிருந்தால் திரை நல்லது. மிச்சமிருக்கும் இருபத்துச் சொச்சப் படங்களில் வீட்டாரை எடுங்கள்.

ரோலோடு விமானத்தில் போனால் பிலிமை ஒருபோதும் சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே அடிக்கும் கதிர் பிலிமைக் கெடுத்துவிடும். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். புதிய சிடி (CT) ஸ்கேனர் வந்த விமான நிலையங்களில் இதில் பிடிவாதமாக இருங்கள்.

10. வீட்டில் வைப்பது

கேமராவோடு வரும் பழுப்புத் தோல் உறை பார்க்க அழகு, மூக்கை வைத்தால் தெரியும் அதன் வயது. நம் ஊர்க் காற்றில், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில், அந்தத் தோல்தான் பூஞ்சைக்கு நாற்றங்கால். உறையைத் தனியே வைத்துவிட்டுக் கேமராவை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள்; பொட்டலத்தை மாதம் ஒருமுறை வெயிலில் காய வைக்க வேண்டும். உள்ளே வைக்குமுன் ஷட்டரை அழுத்தி இறக்கிவிடுங்கள். ஏற்றிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் சுருள் தளரும். வாரம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் நாலைந்து தடவை அழுத்துங்கள், ஏற்றிவிட்டு வேகத்தை மாற்ற மறக்காமல். வேறு யார் கையிலாவது கொடுக்கும்போதும் முதலில் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். என் மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது நான் சொல்லி முடிப்பதற்குள் குமிழில் கை வைத்துவிட்டான். நல்லவேளை, ஏற்கனவே ஏற்றியிருந்தது.